ஊத்துத் தண்ணிக்கு ஒரு தாள்

"குழு மனப்பான்மை" என்று யாராவது மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் இப்போது ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது எங்களுக்குப் பயிற்சி வகுப்பு என்று ஒன்று வைப்பார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, "எல்லாரும் எழுந்து நில்லுங்க, பக்கத்துல இருக்கிறவங்களப் பாத்துச் சிரிங்க" என்பார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன். "ஒங்களுக்கு டீம் ஒர்க்கே வராது டீச்சர்" என்று தலைமையாசிரியை ஒரு தடவை குறைபட்டுக்கொண்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கல்லூரியில் அந்த டீம் ஒர்க்குக்கு முழு மார்க் வாங்கியவள் நான்.

புதுக்கோட்டையில் பி.எஸ்ஸி. வேதியியல் மூன்றாம் வருஷம் படித்தபோதுதான் எங்கள் பாடத்தில் புராஜெக்ட் வந்து சேர்ந்தது. புத்தகத்தை மனப்பாடம் பண்ணியது போதும், ஊருக்குள் போய் ஒரு விஷயத்தை எடுத்து, குழுவாக ஆராய்ந்து, முடிவை அந்த ஊர் மக்களிடமே சொல்லிவிட்டு வர வேண்டும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதோடு விட்டார்களா? மார்க்கில் ஒரு பங்கை ஆராய்ச்சிக்கும், இன்னொரு பங்கைப் "பிறரோடு பழகும் திறனுக்கும்" என்று பிரித்தார்கள். அந்தத் திறனை எங்களுக்கு வரவழைக்கத் திருச்சியிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து ஒரு நாள் முழுக்க வகுப்பு. காலில் பலூனைக் கட்டி ஓடச் சொன்னார். பழைய பேப்பரில் கோபுரம் கட்டச் சொன்னார். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் எல்லாம் காலில் பலூனோடு செமினார் ஹாலைச் சுற்றி ஓடினோம். சாயங்காலம், "இன்னைலேருந்து நீங்க எல்லாரும் ஒரு டீம்" என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார். மறுநாள் காலையில் ரோல் நம்பர் வரிசைப்படி எங்களை மும்மூன்று பேராகப் பிரித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்.

என் குழுவில் என்னோடு இரண்டு பேர். ஒருத்தி கீரமங்கலத்துப் பிள்ளை. வீட்டில் பூச்சாகுபடி. தினமும் பஸ்ஸில் வந்துபோவாள். வகுப்பில் முதல் மார்க், லேபில் அவள் கைவேலை அவ்வளவு சுத்தம். இன்னொருத்தி மீமிசல் பக்கத்தில் ஒரு சின்னக் கடற்கரை ஊர். அப்பா கடலுக்குப் போகிறவர். என்னோடு ஹாஸ்டலில் ஒரே அறை. நான் பொன்னமராவதிப் பக்கம். மாவட்டத்தின் மேல்கோடி, நடு, கீழ்க்கோடி என்று ரோல் நம்பரே எங்களைப் பொறுக்கி எடுத்திருந்தது.

இதில் என்ன கொடுமை என்றால், மற்ற இரண்டு பேரும் இரண்டு வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். குழு ஒட்டிய அன்றைக்கு அவர்கள் பேச்சை விட்டுச் சரியாக ஒரு மாதம் ஆகியிருந்தது. காரணம் சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதல் வருஷப் பிள்ளைகளை வரவேற்கும் விழாவுக்கு இருவரும் மயில்கழுத்து நிறத்தில் ஒரே மாதிரிச் சேலை கட்டுவதாகப் பேச்சு. மீமிசல் பிள்ளை கட்டிக்கொண்டு வந்தாள். கீரமங்கலத்துப் பிள்ளை மஞ்சள் சேலையில் வந்து இறங்கினாள். டெய்லர் ஜாக்கெட்டைத் தரவில்லையாம். "ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?" என்று இவள் கேட்டாள். "இதுக்கெல்லாமா போன் பண்ணுவாங்க?" என்று அவள் சொன்னாள். நடந்தது அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒருத்தி இருக்கிற பக்கம் இன்னொருத்தி திரும்பவில்லை.

குழு என்றால் பேசித்தானே ஆக வேண்டும்? பேசினார்கள், என் வழியாக. லேபில் மூன்று பேரும் ஒரே மேஜையில் நிற்போம். நான் நடுவில்.

"அவங்களப் பீக்கரக் கழுவி வைக்கச் சொல்லு."

"கழுவியாச்சுன்னு சொல்லு. கண்ணு தெரியலன்னா கண்ணாடி போட்டுக்கச் சொல்லு."

இரண்டு பேருக்கும் நடுவே மூன்று அடி கூட இருக்காது. ஒருத்தி சொல்வது இன்னொருத்திக்கு நன்றாகக் கேட்கும். இருந்தாலும் நான் திருப்பிச் சொல்லும் வரை கேட்காத மாதிரியே நிற்பார்கள். நேற்று வரை "வாடி, போடி" என்றவர்கள் இப்போது "அவங்க, இவங்க" என்றார்கள். எங்கள் பக்கத்தில் சண்டை வந்தால்தான் மரியாதை கூடும்.

இந்த வேலை எனக்குப் புதிதில்லை. எங்கள் வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை. கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, வயல் மட்டும் பிரிந்து கிடந்தது. நாலாம் வகுப்பிலிருந்து நான்தான் தூது. "இன்னைக்கு எவன் மோட்டார்ல கைய வச்சாலும் கைய ஒடிச்சிருவேன்னு அந்தப் பயகிட்டப் போய்ச் சொல்லு" என்பார் அப்பா. நான் வரப்பைத் தாண்டிப் போய், "சித்தப்பா, இன்னைக்கு அப்பா தண்ணி பாச்சணுமாம்" என்பேன். "இவன் மட்டுந்தான் நெல்லு போட்டிருக்கானா? பாச்சித் தொலையட்டும்" என்பார் சித்தப்பா. நான் திரும்பி வந்து, "சரின்னு சொன்னாரு" என்பேன். வசவைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் தொழில். அதனால்தான் இரண்டு வீட்டிலும் அடிதடி இல்லாமல் நெல் விளைந்தது என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. "பிள்ள வெவரமானவ" என்று என்னை மெச்சுவார்கள். மோட்டார் போடுவதா வேண்டாமா என்பதைத் தவிர அந்தச் செய்தியில் வேறு ஒன்றுமே இருந்ததில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

புராஜெக்டுக்கு என்ன தலைப்பு எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த சமயம், மீமிசல் பிள்ளை ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். அவள் ஊரில் கடலுக்குப் பக்கத்திலேயே மணலில் தோண்டிய ஊத்து ஒன்று இருக்கிறது. ஊர் முழுக்கக் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். பொம்பளைகள் காலையில் குடத்தோடு போய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு நிரப்பிக்கொண்டு வருவார்கள்.

"ஊத்துக்குப் பக்கத்துல இருக்கிற காலி எடத்த ஒருத்தர் இறால் பண்ணைக்கு வாங்கியிருக்காரு. குளம் வெட்டிக் கடத் தண்ணிய நெரப்பப் போறாங்க. அது ஊறி இங்கிட்டு வந்துச்சுன்னா ஊத்து போச்சு. அப்பப் போய்க் கேட்டா, ஒங்க தண்ணி எப்பவும் உப்புதானம்பாங்க. இப்ப நல்லாத்தான் இருக்குன்னு காட்ட எங்ககிட்ட ஒரு தாள் கூட இல்ல. எங்கம்மாட்ட எல்லாரும் கேக்குறாங்க, ஒம் மக கெமிஸ்ட்ரிதான படிக்கிறா, தண்ணியப் பாத்து எழுதித் தரச் சொல்லுன்னு."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. மூன்று வருஷம் படித்த படிப்புக்கு இதைவிட நல்ல உபயோகம் வேறென்ன? ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை.

"இத அவங்ககிட்டச் சொல்லு. அவங்க தயவுக்காகக் கேக்குறதா நெனச்சுக்க வேணாம். இஷ்டமில்லன்னா வேற டீம் பாத்துக்கிட்டுப் போகச் சொல்லு."

இதை இப்படியே கொண்டுபோனால் தலைப்பிலேயே அடிதடி ஆகிவிடும் என்று நினைத்தேன். மறுநாள் கீரமங்கலத்துப் பிள்ளையிடம், "நம்ம மூணு பேரு ஊருத் தண்ணியையும் எடுத்து உப்பு எவ்வளவுன்னு பாத்து ஒப்பிடலாம்டி. ஈஸியா முடிஞ்சிரும்" என்றேன். ஊத்து, இறால் பண்ணை, தாள் எதுவும் என் வாயிலிருந்து வரவில்லை. அவளும் சரி என்றாள். எங்கள் வழிகாட்டி சாருக்கு ரொம்பத் திருப்தி. "மேக்கேருந்து கெழக்க போகப் போக உப்பு ஏறிக்கிட்டே போகும். கிராஃப் அழகா வரும்" என்றார். அவர் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மழைக்காலம் முடிந்து ஆளுக்கொரு பாட்டிலில் ஊர்த் தண்ணீர் கொண்டுவந்தோம். உப்பு பார்க்கத் துறையில் பேனா மாதிரி ஒரு மீட்டர் இருந்தது. முனையைத் தண்ணீரில் வைத்தால் எண் காட்டும். எண் கூடினால் உப்பு கூடுதல். கீரமங்கலத்துப் பிள்ளைதான் அளந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். மீமிசல் பிள்ளை ரெக்கார்டு கையெழுத்து வாங்கப் போயிருந்தாள். என் ஊர்த் தண்ணீர் ஒரு எண் காட்டியது. கீரமங்கலம் அதற்குக் கொஞ்சம் மேலே. கடற்கரைத் தண்ணீர் இரண்டையும் விடக் கீழே, மூன்று இலக்கத்திலேயே நின்றது.

மூன்று தடவை அளந்துவிட்டு அவள் மீட்டரை மேஜையில் வைத்தாள்.

"கடலுக்குப் பக்கத்துல எடுத்த தண்ணி எங்க ஊரு போர்த் தண்ணிய விட நல்லா இருக்குமா? அவ ஊருக்கே போகல. ஹாஸ்டல் ஆர்.ஓ. தண்ணியப் புடிச்சுக் குடுத்திருக்கா, பொய்க்காரி. மறுபடி எடுத்துட்டு வரச் சொல்லு. எங்க எடுத்தா, எப்படி எடுத்தான்னு எழுதித் தரச் சொல்லு."

இதை நான் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோன லட்சணத்தைக் கேளுங்கள். "ஒன் சாம்பிள் நல்லா வந்திருக்காம்டி. முடிஞ்சா இன்னொரு பாட்டில் எடுத்தா ஆவரேஜ் போடலாமாம்."

மீமிசல் பிள்ளை துணி மடித்துக்கொண்டிருந்தாள். "முடிஞ்சாத்தான? ஊருக்குப் போறப்பப் பாப்போம்" என்றாள். அப்புறம் அவளுக்கே என்ன தோன்றியதோ, "நல்லா வந்திருக்குன்னு ஆச்சரியப்பட்டாங்களாக்கும்? மணலுக்குள்ள மழத் தண்ணி மேல நிக்கும், உப்புத் தண்ணி கீழ கெடக்கும், மேலாக மொண்டா நல்ல தண்ணிதான்னு சொல்லு. பூவுக்குத் தண்ணி பாச்சுறவளுக்கு இது எங்க தெரியப் போகுது? கடல சினிமாலதான் பாத்திருப்பா" என்று சேர்த்தாள்.

எங்கே வெட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசி இரண்டு வாக்கியத்தை மட்டும் வெட்டியிருந்தால் போதும். நானோ வசவு ஒட்டியிருக்கிறதே என்று முழுப் பேச்சையும் தூக்கிப் போட்டுவிட்டேன். மறுநாள் கீரமங்கலத்துப் பிள்ளை, "என்ன சொன்னா?" என்று கேட்டாள். "எடுத்துட்டு வாரேன்னு சொன்னா" என்றேன்.

எடுத்துக்கொண்டு வரவில்லை. ஊருக்குப் போனாள், திரும்பி வந்தாள். "முடிஞ்சா" என்றுதானே நான் சொல்லியிருந்தேன்? கீரமங்கலத்துப் பிள்ளை இன்னும் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். இரண்டு தடவையும் ஆர்.ஓ. தண்ணீர், பொய்க்காரி எல்லாம் சேர்த்துத்தான் கேட்டாள். நானும் இரண்டு தடவையும் அதையெல்லாம் நீக்கிவிட்டு, "ஞாபகம் இருந்தா எடுத்துட்டு வா" என்று சொன்னேன். அறிக்கை கொடுக்கிற நாளும் வந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டி.டி.பி. கடையில் நானும் கீரமங்கலத்துப் பிள்ளையும் உட்கார்ந்து அறிக்கையை டைப் செய்ய வைத்தோம். அட்டவணை ஸ்கிரீனில் வந்தபோது பார்த்தேன். கடற்கரைத் தண்ணீரின் மூன்று இலக்க எண்ணுக்கு முன்னால் '2' என்று ஓர் இலக்கம் புதிதாக வந்து நின்றது. கிராஃப் சார் சொன்ன மாதிரியே மேற்கிலிருந்து கிழக்கே அழகாக ஏறியது. "பரிந்துரை: குடிப்பதற்கு ஏற்றதல்ல" என்று கீழே ஒரு வரி. நான் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் இன்னொரு பஞ்சாயத்து. ஒருவேளை மறுபடி அளந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்தத் தண்ணீரை அளந்திருப்பாள் என்று யோசிக்க எனக்கு அலுப்பாக இருந்தது.

கடைசிப் பக்கத்தில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். மீமிசல் பிள்ளை உள்ளே புரட்டிப் பார்க்கவில்லை. கீரமங்கலத்துப் பிள்ளை கை பட்ட பக்கங்களைப் புரட்ட மாட்டேன் என்று ஒரு வீம்பு. கூடவே, குழுவில் ஒருவருக்கொருவர் மார்க் போடும் படிவம் ஒன்று கொடுத்தார்கள். "கருத்துப் பரிமாற்றம்", "கேட்கும் திறன்", "முரண்பாடுகளைக் கையாளுதல்" என்று வரிசையாகக் கட்டம். இருவரும் எனக்கு எல்லாக் கட்டத்திலும் பத்துக்குப் பத்து போட்டிருந்தார்கள். "மத்த டீமெல்லாம் அடிச்சுக்கிட்டு எங்கிட்ட வந்து நிக்கிது. ஒங்க டீம்ல ஒரு சத்தம் உண்டா?" என்று சார் என்னை வகுப்பில் எழுப்பிப் பாராட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

முடிவை மக்களிடம் சொல்கிற நாள் வந்தது. மீமிசல் பிள்ளையின் ஊரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தோம். சார் வரவில்லை. போட்டோவும் பஞ்சாயத்து ஆபீஸ் சீலும் இருந்தால் போதும் என்றார். பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று சீட்டில் போனோம். போன உடனே நான் பஞ்சாயத்து ஆபீஸில் அறிக்கையின் ஒரு பிரதியைக் கொடுத்துச் சீல் வாங்கினேன். அங்கிருந்து மீன் ஏலம் போடுகிற கொட்டகைக்கு நடந்தோம். இருபது பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் மீமிசல் பிள்ளையின் அம்மா. மகள் தாள் கொண்டு வந்திருக்கிறாள் என்று தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

கீரமங்கலத்துப் பிள்ளை சார்ட்டை விரித்து ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியில், "இந்த ஊருத் தண்ணியில உப்பு ரொம்ப அதிகம். குடிக்கிறதுக்கு ஏத்தது இல்ல" என்று முடித்தாள்.

ஒருவரும் கை தட்டவில்லை. "நாங்க தெனமும் குடிக்கிறமேத்தா" என்றார் ஒரு பெண். மீமிசல் பிள்ளை எழுந்து சார்ட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். அப்புறம் கீரமங்கலத்துப் பிள்ளையின் முகத்துக்கு நேராகத் திரும்பினாள்.

"இந்த நம்பர் எங்கேருந்துடி வந்துச்சு?"

ஐந்தாறு மாதத்தில் அவர்கள் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"நீ ஹாஸ்டல் தண்ணியப் புடிச்சுக் குடுத்தா நான் என்ன பண்றது? எத்தன தடவ சொல்லிவிட்டேன் வேற கொண்டு வான்னு?"

"ஹாஸ்டல் தண்ணியா? அது ஊத்துத் தண்ணி. ஏன் நல்லா இருக்குன்னும் சொல்லிவிட்டேன்ல? இந்தத் தாளு எதுக்குன்னு மொதல்லயே சொல்லிவிட்டேன்ல?"

"எதுக்கு? எங்கிட்ட யாரு சொன்னா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இருபது பெண்களும் பார்த்தார்கள். நான் சார்ட்டைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

பெண்கள் எங்களை ஊத்துக்குக் கூட்டிப் போனார்கள். கொட்டகையிலிருந்து ஐந்து நிமிஷம் கூட இல்லை. ஒருவர் மொண்டு கொடுத்த தண்ணீரைக் கீரமங்கலத்துப் பிள்ளை குடித்துப் பார்த்தாள். பையிலிருந்து மீட்டரை எடுத்து அதே தண்ணீரில் வைத்தாள். மூன்று இலக்கம். நூறு அடி தள்ளி, கல் ஊன்றி முள்வேலி போட்ட இடத்தில் மண்ணள்ளும் இயந்திரம் ஒன்று நின்றது. அதையும் பார்த்தாள். மணலில் அப்படியே உட்கார்ந்து, "இதுக்காகன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வந்து மொண்டிருப்பேனே" என்று அழுதாள். மீமிசல் பிள்ளையின் அம்மாதான் அவளைத் தேற்றினார்.

திரும்பப் பஞ்சாயத்து ஆபீஸுக்கு ஓடினோம். "பதிவு பண்ணியாச்சும்மா. தப்புன்னா காலேஜ்லேருந்து லெட்டர் கொண்டாங்க" என்றார்கள். மறுநாள் சாரிடம் போனோம். அவர் கதவைச் சாத்திவிட்டு, "மார்க்க அனுப்பியாச்சு. நம்பர மாத்தி எழுதுனோம்னு நீங்களே எழுதிக் குடுத்தா மூணு பேருக்கும் புராஜெக்ட் கேன்சல். டிகிரி வேணுமா, வேணாமா?" என்றார். பிறரோடு பழகும் திறன் பற்றி எங்களுக்கு மார்க் போட்ட மனுஷன் அவர்.

தேர்வு விடுமுறைக்கு ஆளுக்கொரு ஊராகப் பிரிந்தோம். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதிப் பஞ்சாயத்தில் கொடுத்துவிடலாம், டிகிரி போனாலும் பரவாயில்லை என்று மீமிசல் பிள்ளை எனக்குப் போன் செய்தாள். நான் சரி என்று சொல்லிவிட்டுக் கீரமங்கலத்துப் பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"என்னால முடியாதுடி" என்றாள். "எங்கப்பா எம்.எஸ்ஸி.க்கு ஒத்துக்கிட்டதே பெரிய விஷயம். இது நின்னுச்சுன்னா அத்தோட என் படிப்பு முடிஞ்சுச்சு. சீட்டு கெடச்ச பொறவு போடுறேன். அது வரைக்கும் போட மாட்டேன். அவ நம்பியிருக்க வேணாம், வேற வழி இருந்தா பாக்கச் சொல்லிரு. எனக்கு அவகிட்டப் பேச மொகம் இல்ல. நீயே சொல்லிரு."

எவ்வளவு நேர்மையான பேச்சு. இப்போது யோசித்தால், அந்த மொத்தக் கூத்திலும் ஒருத்தி முழுசாக உண்மை பேசியது அந்தப் போனில்தான். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? மீமிசல் பிள்ளைக்குப் போன் போட்டேன். அவள் எடுத்ததுமே, "என்ன சொன்னா? போடுறாளா?" என்று கேட்டாள். குரலில் அவ்வளவு ஆவல். அந்தக் குரலுக்கு "மாட்டாளாம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"போடுறேன்னுட்டா. பரீட்ச டென்ஷன்ல இருக்கா. கொஞ்ச நாள் பொறு, நானே வாங்கிக்கிட்டு வாரேன்" என்றேன்.

அவள் பொறுத்தாள். பரீட்சை நாட்களில் கீரமங்கலத்துப் பிள்ளை எழுதி முடித்த கையோடு பஸ் ஏறிவிடுவாள்; டென்ஷன் என்று நான் சொல்லியிருந்ததால் இவளும் போய்க் கேட்கவில்லை. பரீட்சை முடிந்தது. வெயில் காலத்தில் குளம் வெட்டிக் கடல் தண்ணீரை ஏற்றினார்கள். ரிசல்ட் வந்தது, மூன்று பேரும் பாஸ். கீரமங்கலத்துப் பிள்ளைக்கு எம்.எஸ்ஸி. சீட்டு கிடைத்தது. கிடைத்த அன்றே என்னைக் கூப்பிட்டு வரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சொன்ன சொல்லில் ஒரு நாள் கூடப் பிசகவில்லை. நான் அந்தக் கடிதத்தோடு மீமிசல் பஸ் ஏறினேன். அதற்குள் ஊத்துத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்திருந்தது. சோறு வடித்தால் மஞ்சளாக வருகிறது என்றார் அவள் அம்மா.

ஊர்ப் பெண்கள் மனுக் கொடுத்ததில், தாலுகா ஆபீஸில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மீமிசல் பிள்ளை அம்மாவோடு வந்தாள்; கீரமங்கலத்துப் பிள்ளையும் வகுப்பை விட்டுவிட்டு வந்திருந்தாள். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். பண்ணைக்காரர் தரப்பு ஆள் ஒரு ஜெராக்ஸை எடுத்து மேஜையில் வைத்தார். எங்கள் அறிக்கை. பஞ்சாயத்துச் சீலோடு. "இவங்க ஊருப் பொண்ணே எழுதிக் குடுத்ததுங்க சார். பண்ணை வர்றதுக்கு முன்னாடியே தண்ணி உப்புதான்."

அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். "இது ஒங்க கையெழுத்தாம்மா?"

"ஆமா சார்" என்றாள் மீமிசல் பிள்ளை.

நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். கடிதத்தைக் கொடுத்தோம். அவர் முழுவதும் படித்தார். "இது இந்த மாசம் எழுதுனது. தண்ணி கெட்டுப் போன பொறவு, முன்னாடி நல்லா இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்தா நான் எத நம்புறது? அப்ப எடுத்த வேற டெஸ்ட் ஏதாவது இருக்கா?" என்றார். இல்லை.

வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்றோம். கீரமங்கலத்துப் பிள்ளைதான் மெதுவாக ஆரம்பித்தாள். "வேற வழி பாக்கச் சொன்னேனேடி. நீ ஏன் பாக்கல?"

மீமிசல் பிள்ளைக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அவள் என் பக்கம் திரும்பினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அவ மாட்டேன்னு சொன்னான்னு நீ சொல்லியிருந்தா, அன்னைக்கே ஒரு பாட்டில் தண்ணிய மொண்டுக்கிட்டு வேற லேபுக்குப் போயிருப்பேனே. அப்ப ஊத்து நல்லாத்தான இருந்துச்சு."

தூரத்தில் பஸ் வருவது தெரிந்ததும் அவள் அம்மா, "வாத்தா, பேசிக்கிட்டு நிக்காத. இன்னைக்குத் தண்ணி லாரி வார நாளு, கொடத்த வரிசையில வைக்கணும்" என்று மகளின் கையைப் பிடித்து இழுத்தார்.